எடை குறைத்த கிளச்

றெஜினா மெக்கானிக் ஆனது பயத்தால்தான். கியூபெக்கில், டோர்வல் விமான நிலையத்தில், வந்திறங்கிய விமானங்களுக்குள் ஏறி இருக்கைகளைத் துடைக்கும் வேலையில் பல வருடம் இருந்தாள். ஒருநாள் மேற்பார்வையாளன், ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான். யாரை, எப்போது என்று தெரியும்வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. அடுத்த கிழமையே சிறு எஞ்சின் திருத்தும் தொழிற்கல்வி வகுப்பில் பெயர் கொடுத்தாள். நாற்பதைத் தாண்டிய பெண், அரைகுறைப் பிரெஞ்சு. வகுப்பு முடிவதற்குள் ஆட்குறைப்பு என்ற பேச்சே அடங்கிப்போயிற்று. அவளோடு சேர்ந்து துடைத்த யோகராணி இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். "பயந்து பயந்தே நீ மேல வந்திட்டாய்" என்று யோகராணி பகிடி பண்ணுவாள்.

அந்தப் பயம் லொங்குய்யில் ஜில்பேரின் கராஜில் அவளுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. பயந்த ஆள் இறுக்கின ஆணியை மறுபடி தொட்டுப் பார்ப்பாள். எண்ணெய் மூடியைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பார்ப்பாள். ஜில்பேர் முதலில் சிரித்தார். பிறகு கஷ்டமான வேலைகளை அவளிடமே கொடுக்கத் தொடங்கினார்.

கோடையில் அங்கே புல்வெட்டும் இயந்திரங்களும் படகு எஞ்சின்களும் வரும். குளிர்காலம் முழுக்கப் பனிவண்டிதான். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் ரப்பர்ப் பட்டை, மேலே ஒரு ஆள். அதிலும் மலைக்கென்று செய்த வண்டிகள் வேறு சாதி. பட்டை நீளம், பாரம் குறைவு. பாரத்தைக் குறைப்பதற்காக ஸ்டார்ட்டர் மோட்டாரைக்கூட வைக்கமாட்டார்கள். கயிற்றை இழுத்துத்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். இடுப்பளவு பனியில் சுவர் மாதிரி நிற்கும் சரிவில் ஏறுவதற்கென்றே அவை இருக்கின்றன. வேண்டுமென்று போய்ச் சாவதற்கும் ஒரு வாகனம் செய்திருக்கிறார்கள் என்பது றெஜினாவின் அபிப்பிராயம். வெளியே சொல்லமாட்டாள்.

யோகராணியின் மகன் கீர்த்திகனிடம் அப்படி ஒரு வண்டி இருந்தது. கணினி வேலை, கர்க்லாண்டில் வீடு, வினோஜா என்று மனைவி, தவழத் தொடங்கிய ஒரு பிள்ளை. கூட வேலை செய்கிற கியூபெக்காரர்களோடு போய்ப் போய் மலை ஏறப் பழகிவிட்டான். தாய்க்கும் மனைவிக்கும் அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. ஆகவே அதற்கு ஒரு நோய் என்றால் அவன் றெஜினா அன்ரியிடம் சத்தமில்லாமல் வருவான்.

அந்த வியாழக்கிழமை கராஜ் மூடுகிற நேரத்தில் வந்தான். ஜில்பேர் பல் வைத்தியரிடம் போயிருந்தார். விடிகாலையில் நண்பர்களோடு ஷிக்-ஷொக் மலைக்குப் புறப்படுவதாகச் சொன்னான். நதியோரமாகவே ஒரு பகல் முழுக்கக் கிழக்கே ஓட்டிப் போகவேண்டிய இடம்.

"அன்ரி, முந்தி மாதிரி இழுக்குதில்லை. முழுசாக் குடுத்தாலும் மூச்சு வாங்குது" என்றான்.

அவள் வண்டியைக் கராஜுக்குப் பின்னாலிருந்த வெளியில் ஓட்டிப் பார்த்தாள். சொன்னது சரி. முழு வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு எண்ணாயிரம் சுற்றுக்குக் கிட்டப் போகவேண்டும். முள் அதற்கு நன்றாகக் கீழேயே தயங்கி நின்றது.

ஜில்பேருக்கு இதில் ஒரே ஒரு விதிதான் உண்டு. முதலில் எஞ்சின் சுகமா என்று பார். பிறகுதான் கிளச்சைத் தொடு. அதாவது இரண்டு சிலிண்டர்களிலும் தனித்தனியாகக் கருவியைப் பூட்டி, உள்ளே அமுக்கம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். றெஜினா புகை வெளியேறும் பக்கத்து வால்வுகளைக் கழற்றிக் கரி பிடித்திருக்கிறதா என்று பார்த்தாள். சுத்தம். பெல்ட் தேயவில்லை. பெட்ரோல் புதிது. பெட்ரோலுக்குத் தீப்பொறி கொடுக்கிற பழைய பிளக் இரண்டையும் கழற்றி அங்கியின் பைக்குள் போட்டுவிட்டுப் புதியவற்றைப் பூட்டினாள். அமுக்கம் அளக்கிற கருவியின் குழாயைக் காணவில்லை. மேசைக்குக் கீழே எங்கேயோ இருக்கும். தேடலாம். கீர்த்திகன் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே நின்றான். வீட்டிலிருந்து வினோஜா எங்கே நிற்கிறாய் என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

றெஜினா கிளச்சைத் திறந்தாள்.

இந்த வண்டிகளின் கிளச் என்பது இரண்டு கப்பிகளும் நடுவே ஒரு பெல்ட்டும்தான். முன் கப்பிக்குள் சின்ன எடைகள் இருக்கின்றன. எஞ்சின் சுழலச் சுழல அந்த எடைகள் வெளியே வீசப்பட்டுக் கப்பியை நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். வண்டி வேகம் பிடிக்கும். எடை கூடினால் எஞ்சினுக்குச் சுமை. குறைத்தால் எஞ்சின் இலகுவாகச் சுழலும். மலையில் காற்று மெலிது, எஞ்சினின் பலமும் அங்கே குறையும். அதனால் மலைக்குப் போகிற வண்டிக்கு எடையைக் குறைத்துத்தான் பூட்டுவார்கள். ஆகவே அவள் எடையைக் குறைத்தது ஒருவகையில் சரி. அதுதான் அவளை ஏமாற்றியது.

வேறொன்றும் இருந்தது. யுத்த காலத்தில் மட்டக்களப்பில் பெட்ரோல் வராது. அவளுடைய அண்ணன்மார் வள்ளத்து எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின் சீக்கிரம் சோர்ந்துபோகும். புதுப் பாகம் எங்கே கிடைக்கும்? எஞ்சினைத் திருத்தமாட்டார்கள்; தண்ணீரைத் தள்ளுகிற விசிறியின் இதழ்களை அராவிச் சிறிதாக்குவார்கள். தள்ளுகிற தண்ணீர் குறையும், சுமை குறையும், எஞ்சின் மறுபடி பாடும். கரையில் உட்கார்ந்து அரத்தைப் பிடித்து அராவுகிறவள் றெஜினாதான். சோர்ந்த எஞ்சினுக்குச் சுமையைக் குறை என்பதை அவளுடைய கை பள்ளிக்கூடத்துக்கு முன்பே படித்துவிட்டது. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் அடுத்த வள்ளம் கயிறு போட்டு இழுத்துவரும்.

எடையைக் குறைத்துப் பூட்டி மறுபடி ஓட்டினாள். முள் வேண்டிய இடத்துக்கு ஏறி அசையாமல் நின்றது. கீர்த்திகனும் ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தான்.

"நீங்கள் டொக்டர் அன்ரி" என்றான்.

அந்தச் சொல்லில் அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. அன்றைக்குத் தொட்டதைத் திரும்பத் தொட்டுப் பார்க்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை இல்லை. சனிக்கிழமை காலை கராஜைத் திறந்து அங்கியைப் போட்டபோது பையில் ஏதோ முட்டியது. இரண்டு பிளக்குகள். அவள் பழைய பிளக்கை எறிகிறவள் அல்ல. தேய்த்துப் பார்த்துத் தகர டப்பாவில் போட்டு வைப்பாள். யன்னலடியில் வைத்துப் பார்த்தாள். ஒன்று நல்ல கோப்பி நிறம். எஞ்சின் சுகமாக எரித்தால் பிளக் அப்படித்தான் இருக்கும். மற்றது எலும்பைப்போல வெளுத்திருந்தது. அந்த வெள்ளையில் பொட்டுப் பொட்டாக ஏதோ மினுங்கியது.

நகத்தால் சுரண்டினாள். உதிரவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். அலுமினியம்.

பிஸ்டன் உருகத் தொடங்கினால்தான் பிளக்கில் அலுமினியம் தெறித்து ஒட்டும். அந்தப் பக்கத்துச் சிலிண்டருக்குள் எங்கேயோ ஒரு வெடிப்பால் காற்று களவாக நுழைந்திருக்கிறது. பெட்ரோல் போதாமல், காற்று மிஞ்சி, அளவுக்கு மேல் சூடாகி எரிந்திருக்கிறது. வண்டி இழுக்காமல் நின்றதற்குக் காரணம் அதுதான். கிளச்சுக்கு ஒரு குறையும் இல்லை. காய்ச்சல்காரனின் தோளிலிருந்து மூட்டையை இறக்கிவிட்டு, பாருங்கள், நிமிர்ந்து நடக்கிறான் என்று சொல்லி மலைக்கு அனுப்பியிருக்கிறாள்.

காற்று மிஞ்சி எரிகிற எஞ்சின் சாகப்போகிற நேரத்தில்தான் மிக அழகாக ஓடும். சத்தம் கூர்மையாக இருக்கும், விரலால் அமுக்கின உடனே பாயும். பிறகு ஒரு கணத்தில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். அது எங்கே நடக்கும் என்று யோசிக்கத் தேவையில்லை. முழு வேகம் கொடுக்கிற இடத்தில் நடக்கும். முழு வேகம் கொடுக்கிற இடம் சரிவின் நடு. அங்கே நின்றுபோன வண்டி பின்னால் உருளும். இல்லாவிட்டால் பனிக்குள் புதைந்து நிற்கும். அதைத் தோண்டி எடுக்கக் குனிகிறவனுக்கு மேலே மலையின் பனி முழுக்க இருக்கிறது.

கீர்த்திகனை அழைத்தாள். அவனுடைய குரல் முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் செய்தி விடச் சொன்னது. விட்டாள். மறுபடி அழைத்தாள். மறுபடி அதே குரல், அதே சந்தோஷம்.

எந்த விடுதி என்று தெரிந்தவள் வினோஜா ஒருத்திதான். அவளை அழைக்கவேண்டும் என்று நினைத்ததுமே றெஜினாவுக்கு இன்னொரு பயம் வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு, சும்மா கேட்பதுபோல எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தாள். வினோஜா எடுத்தாள். பின்னால் பிள்ளை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை சாப்பிடுகிறதா, சளி விட்டதா என்று றெஜினா விசாரித்தாள். கீர்த்திகன் எந்த விடுதியில் தங்குகிறான் என்று பிறகு கேட்டாள், தன்னுடைய மருமகன் ஒருவன் அந்தப் பக்கம் போக விரும்புகிறான் என்று. அவளுக்கு மருமகன் இல்லை.

வினோஜா விடுதியின் பெயரைச் சொன்னாள்.

"அன்ரி, உங்கடை குரல் சரியில்லை. அவருக்கு என்ன?"

"ஒண்டுமில்ல புள்ள."

"அந்த மெஷினை நீங்களே திருத்தினனீங்கள்?"

அவள் ஓம் என்றாள். பிறகு தானாகவே மிச்சத்தையும் சொன்னாள். பிளக்கைப் பற்றியல்ல, வண்டியில் ஒரு பிழை இருக்கிறது, அவன் இன்றைக்கு அதை ஓட்டக் கூடாது என்று மட்டும். வினோஜா அழவில்லை, ஏசவுமில்லை. போனை வையுங்கோ அன்ரி, உடனே விடுதிக்கு எடுங்கோ, எனக்குப் பேந்து எடுங்கோ என்றாள். ஏசியிருந்தால் நல்லது என்று றெஜினாவுக்குப் பட்டது.

விடுதியில் ஒரு பெண் எடுத்தாள். வயதான குரல், ஆறுதலாகக் கதைத்தாள். அவர்கள் விடியவே மலைக்குப் போய்விட்டார்கள் மதாம், மேலே தொலைபேசி வேலை செய்யாது என்றாள். ஆனால் அவர்களோடு போன வழிகாட்டியிடம், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் செய்மதிக் கருவி ஒன்று இருந்தது. நாலு சொல் எழுதி அனுப்பலாம், பதிலும் வரும். றெஜினா தன் பிரெஞ்சில் தடுமாறிச் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதினாள்: எஞ்சின் பழுது, முழு வேகம் கொடுக்கவேண்டாம், றெஜினா. நீங்கள் யார் என்று அந்தப் பெண் கேட்டாள். மெக்கானிக் என்றாள். பிழை என்னுடையது என்பதையும் பிரெஞ்சில் சொன்னாள். அந்த மொழியில் அது சுலபமாக வந்தது.

தொடர்பைத் துண்டிக்காமல் காத்திருந்தார்கள். இடையில் ஜில்பேர் கோப்பிக் கோப்பையோடு உள்ளே வந்தார். றெஜினா பிளக்கை நீட்டினாள். அவர் யன்னலடியில் பார்த்தார், கோப்பையை மேசையில் வைத்தார். அமுக்கம் எவ்வளவு இருந்தது என்று கேட்டார். அளக்கவில்லை என்றாள். அவர் அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கத்தியிருந்தால் பயம் கொஞ்சம் பங்குபோயிருக்கும்.

பதில் வந்தது. விடுதிப் பெண் அதை மகிழ்ச்சியாகவே வாசித்தாள்: வண்டி இவ்வளவு நன்றாக ஒருநாளும் ஓடியதில்லை, அன்ரிக்கு நன்றி சொல்லவும்.

தாய்மார் பயப்படுவார்கள், அன்ரிமார் பயப்படுவார்கள். அவனுக்கு அது வழக்கமான சத்தம், மழைச் சத்தம் மாதிரி. இன்னும் பத்துச் செய்தி அனுப்பினாலும் அதே நன்றிதான் வரும். றெஜினாவின் சொல்லை அவன் கேட்கமாட்டான். ஆனால் தன் கையைக் கேட்பான் என்று அவளுக்குத் தோன்றியது. அவனுடைய கைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்.

அவள் ஜில்பேரைப் பார்த்து, கயிறு என்றாள். அவருக்கு உடனே விளங்கியது. எஞ்சினை நிறுத்திவிட்டு, அதை எழுப்புகிற கயிற்றை மெதுவாக இழுத்தால், ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறைக்குக் கையைப் பிடித்து நிறுத்தும். இரண்டும் சுகமென்றால் இரண்டு பிடிப்பும் ஒன்றுபோல இருக்கும். சொற்களை அவர் சுருக்கிக் கொடுத்தார், றெஜினா சொன்னாள், விடுதிப் பெண் அனுப்பினாள். எஞ்சினை நிறுத்து. கயிற்றை மெதுவாக இழு. ஒன்று இறுக்கம், ஒன்று தளர்வு என்றால் வண்டியை அங்கேயே விடு.

பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. விடுதிப் பெண்ணுக்கு வேறு வேலைகள் இருந்தன. யாரோ சாவி கேட்டார்கள், யாரோ சூப் கேட்டார்கள். தொலைபேசி மேசையில் கிடந்தது, அந்த மண்டபத்தின் சத்தங்களெல்லாம் லொங்குய்க்குக் கேட்டன. ஒருவன் சிரித்தான். ஒரு கதவு காற்றில் அடித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் றெஜினா எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். இவ்வளவு நேரம் என்றால் ஏறிக்கொண்டிருக்கிறான். அல்லது நின்றுவிட்டது. அல்லது எல்லோரும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், பதில் எழுத ஒருவருக்கும் கையில்லை. மாதாவே என்று தொடங்கினாள், மேலே போகவில்லை. செபம் பாதியிலே நின்றது அவளை இன்னும் பயமுறுத்தியது.

வினோஜா இரண்டு தரம் அழைத்தாள். றெஜினா எடுக்கவில்லை. என்ன சொல்ல?

கடைசியில் அந்தப் பெண் தொலைபேசியைத் தூக்கினாள். இந்த முறை குரலில் மகிழ்ச்சி இல்லை. வழிகாட்டிதான் எழுதியிருக்கிறான் என்றாள். ஒன்று இறுக்கம், மற்றது தளர்வு. நாங்கள் பள்ளத்தின் அடியில் நிற்கிறோம். வெளியே வர ஒரே வழி ஏற்றம். அவர் மெதுவாக ஓட்டி ஏறலாம் என்று சொல்கிறார். மெக்கானிக் என்ன சொல்கிறார்?

மெக்கானிக் ஜில்பேரைப் பார்த்தாள். மெதுவாக ஏறமுடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆழப் பனியில் மெதுவாகப் போனால் வண்டி அமிழும். எடை குறைத்த கிளச்சோ எஞ்சினை மெதுவாகச் சுழலவே விடாது. விரலைக் கொஞ்சம் அமுக்கினாலே மேலே ஓடும். அவளே அப்படிச் செய்து கொடுத்திருக்கிறாள்.

"விட்டுட்டு வரச் சொல்லுங்கோ" என்றாள் தமிழில். பிறகுதான் பிரெஞ்சுக்கு மாறினாள். வண்டியை அங்கேயே விடவும், அவரை உங்கள் வண்டியில் ஏற்றவும், மெக்கானிக்கின் கட்டளை. கட்டளை என்ற சொல்லை அவள் அந்த நாட்டில் அதற்கு முன் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை.

சரி என்று ஒரு சொல் வந்தது. வினோஜாவை அழைத்து அதையே சொன்னாள்: வழிகாட்டியின் வண்டியில் வருகிறான், வந்துகொண்டிருக்கிறான். வந்துவிட்டானா என்று வினோஜா கேட்டாள். இன்னும் இல்லை என்றாள். இருவரும் போனை வைக்காமல் இருந்தார்கள், பிள்ளை தட்டிக்கொண்டிருந்தது.

விடுதியை அடைந்த பிறகு அவன் முதலில் வீட்டுக்குப் போன் எடுத்தான். பிறகு அவளுக்கு எடுத்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஜில்பேர் கராஜைப் பூட்டாமல் பெட்டியிலேயே இருந்தார்.

கீர்த்திகன் வழக்கம்போலத்தான் தொடங்கினான். "அன்ரி, அம்மாவை விட மோசம் நீங்கள். மலை முழுக்க என்னைப் பகிடி பண்ணுறாங்கள்." நண்பர்கள் நாளைக்குத் தன்னை அந்தப் பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்றான். வண்டி இப்போது நன்றாகக் குளிர்ந்திருக்கும். ஒரேயொரு ஏற்றம்தானே, ஒரு மூச்சில் வெளியே எடுத்துவிடலாம், மிச்சம் சமதரை. காலையிலேயே அந்த ஏற்றத்தில் பலதரம் ஏறினவன் தான் என்றான்.

பலதரம் என்ற சொல்லைக் கேட்டு றெஜினா நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். சீமெந்து குளிர்ந்தது.

அவன் பேசிக்கொண்டே போனான். அவள் விளக்கத் தொடங்கினாள், காற்று, பிஸ்டன், அலுமினியம். அவன் ஓம் ஓம் என்றான். அந்த ஓம் அவளுக்குத் தெரியும். அவள் விளக்குவதை விட்டாள்.

"மனே, அதைப் போய் எடுக்காத. திங்கக்கிழமை நானும் ஜில்பேரும் வந்து வழிகாட்டியோட கதைச்சு இழுக்கிறம்."

"நீங்கள் சும்மா பயப்பிடுறீங்கள் அன்ரி."

"ஓம். பயப்பிடுறன். நான் பிழை விட்டதால பயப்பிடுறன். நீயும் பயப்பிடு."

மறுபக்கத்தில் யாரோ அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. பிறகு அவனுடைய குரல் தாழ்ந்து வந்தது, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி.

"அன்ரி, அந்தக் கயிறு. முதல்ல ஒண்டு கையைப் பிடிச்சுது. மற்றது எப்ப பிடிக்கும் எண்டு நான் இழுத்துக்கொண்டே இருந்தனான். பிடிக்கவே இல்லை. சும்மா வந்தது."

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"அதுக்குப் பத்து நிமிசத்துக்கு முதல்தானே அன்ரி அந்த வண்டியில பள்ளத்துக்குள்ள இறங்கினனான்" என்றான். "நான் நாளைக்குப் போகேல்லை. திங்கக்கிழமை நீங்கள் வாங்கோ."